தள்ளிப் பார்த்த கல்

தென்காசியில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் இன்னும் விளக்கமாகச் சொல்வார். கேட்டவனை வெறுங்கையோடு அனுப்ப எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு வராது. பழைய குற்றாலத்துக்கு வழி கேட்டவன் இலஞ்சியில் போய் நின்றால் அது அவன் தலையெழுத்து. இப்படிப்பட்ட ஊரில், அதுவும் தாலுகா ஆபீஸ் வாசலில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் "எனக்குத் தெரியாதே" என்று சொன்னதை முதன்முதலில் கேட்டபோது, இவர் இங்கே ஆறு மாதம் தாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

நாலு வருஷம் இருந்தார். நில அளவை செய்கிற பெண் சர்வேயர். ஆபீஸில் எல்லோருக்கும் 'மேடம்', வயலில் எல்லோருக்கும் 'சர்வேயரம்மா'. ஆபீஸுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் பெயருக்குத்தான், பிழைப்பு மனு எழுதுவது. எழுதுகிற மனுக்களில் முக்கால்வாசி நிலத்தகராறு என்பதால், வருகிற சர்வேயர்களையெல்லாம் கொஞ்சம் கவனித்துவைப்பது என் வழக்கம். இவரைக் கவனிக்கச் சிரமமே இல்லை. தினமும் பதினோரு மணிக்கு என் கடைப் படியில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்.

சேலைக்கு மேல் ஆம்பிளை முழுக்கைச் சட்டை, தலையில் நிறம் போன கிரிக்கெட் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ. ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் அளவு டேப்பும், சிவப்புத் துணி கட்டிய மூங்கில் குச்சிகள் ஒரு கட்டும் கிடக்கும். பிறந்தது திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காடு, வாழ்க்கைப்பட்டது எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி. மாமியார் ஊர் தயவில் பையில் எப்போதும் நாலு எலுமிச்சம்பழம் இருக்கும். உச்சி வெயிலில் இரண்டு தரப்பும் கத்திக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் பாட்டிலில் பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குலுக்கி, "மொதல்ல குடிங்க, பொறவு கத்தலாம்" என்று நீட்டுவார். ஒரே பாட்டில்தான். வெட்டுவேன் குத்துவேன் என்று நின்றவர்கள், ஒருவர் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை மற்றவர் காத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். கடையநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அவரை வாசலிலேயே மறித்து, "அம்மா, எங்க வாய்க்கா பொறம்போக்கா, பட்டாவா?" என்று கேட்டார். மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதே ஐயா."

பெரியவர் முகம் விழுந்துவிட்டது. "நீங்க சர்வேயர்னு சொன்னாவளே?"

"சர்வேயர்தான். ஒங்க வாய்க்காலை நான் பாத்ததில்லையே. சர்வே நம்பரச் சொல்லுங்க, நெலப் படத்தப் பாத்துட்டு நாளைக்குச் சொல்லுதேன்."

நான் கடைக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். பெரியவர் போனபின், "மேடம், 'பாக்கலாம்'னு சொல்லிப் பழகுங்க. தெரியாதுன்னு சொன்னா மரியாதை போயிரும்" என்றேன்.

"பாக்கலாம்னு சொன்னா அவரு எப்ப வருவாரு அண்ணாச்சி?"

"அது அவரு பாடு."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கேன்லா. நாளைக்கே வருவாரு, பாருங்க."

மறுநாள் பத்து மணிக்கே அந்தப் பெரியவர் வந்து நின்றார். மேடம் படத்தோடு காத்திருந்தார்.

சாரல் காலத்தில் ஒருநாள் மதுரைக்காரர்கள் வேனை நிறுத்தி, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டார்கள். டீ மாஸ்டர் "கொட்டுது" என்றான். நான் "குளிக்கத் தடை" என்றேன். இரண்டு பேரும் ஒரு வாரமாக அந்தப் பக்கமே போகவில்லை. மேடம் மட்டும், "தெரியலையே. சாயங்காலம் அந்தப் பக்கம்தான் போறேன், நம்பர் குடுங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். சொன்னபடி நனைந்துகொண்டே நின்று போன் பண்ணியிருக்கிறார். அதற்குள் வேன் ஊர் திரும்பி, திருமங்கலத்தைத் தாண்டிவிட்டது. இதை வைத்து ஆபீஸே ஒரு மாதம் சிரித்தது. அடுத்த வருஷம் அதே வேன் என் கடை முன்னால் நின்று, "போன தடவ ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்க எங்க?" என்று கேட்டது. அருவியைப் பற்றி எங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்த சமயங்களும் உண்டு. புருஷனை இழந்த ஒரு பெண், தன் வயலுக்குப் பாதை இருக்கிறதா இல்லையா என்று கேட்டு வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்த மனுவோடு மேடம் முன்னால் போய் நின்றாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றதும் அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "ஆறுதலுக்காவது ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்று நான் சத்தம் போட்டேன். மேடம் மனுவை வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், கையெல்லாம் பழைய காகிதத்தூசியோடு கடைக்கு வந்து ஒரு படத்தை நீட்டினார். "காப்பி போடுங்க அண்ணாச்சி. பாதை இருக்கு. எட்டடி. வண்டிப்பாதை." அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டதும் அவர்தான். நான் வாயை மூடிக்கொண்டு காப்பி போட்டேன்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கு அவரை மறக்க முடியாமல் போனது அதனால்தான்.

குத்துக்கல்வலசைக்கு மேற்கே என் தாத்தா விட்டுப்போன நிலம் கொஞ்சம் இருக்கிறது. கிழக்குப் பாதி என் அப்பாவுக்கு, மேற்குப் பாதி சித்தப்பாவுக்கு. நடுவில் ஒரு சிறு மேடு. மேட்டின்மேல் ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு கல், உளி படாத முரட்டுக் கல், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும். அதுதான் எல்லைக்கல் என்று அப்பா சொன்னார். சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். அண்ணனும் தம்பியும் கடைசிவரை ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். சண்டை வந்ததும் அதனால்தான்.

சுற்றுப்புறமெல்லாம் பிளாட் போட ஆரம்பித்த காலம். சித்தப்பா ஒருநாள் கயிறு பிடித்துத் தன் பாதியை அளந்தார். நாலடி குறைந்தது. கல்லுக்கு எங்கள் பக்கத்தில் அப்பா வைத்த இரண்டு தென்னை காய்த்துக்கொண்டிருந்தது. "அண்ணன் கல்ல நகட்டிட்டான்" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொன்னார். அவ்வளவுதான், இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

என் அப்பா நெஞ்செலும்பு தெரிகிற ஆள். கேஸ் சிலிண்டரைத் தூக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார். அவர் அந்தக் கல்லை எப்படி நகட்டியிருப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்கு எதுவும் நடக்கக்கூடியதுதான். முதலில் நாலு ஆள் வைத்து நகட்டினார் என்றார்கள். அடுத்த பொங்கலுக்குள் அந்த நாலு ஆளோடு ஒரு ஜோடி மாடும் சேர்ந்துகொண்டது.

சண்டையின் ஆறாம் வருஷம் அப்பா படுத்தார். கடைசி நாட்களில் வேறு பேச்சே இல்லை. "நான் நகட்டலலே. நீயாவது நம்புதியாலே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். "நம்புதேன்ப்பா" என்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனசின் ஓரத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. ஊர் முழுக்கச் சொன்னால் பெற்ற பிள்ளைக்கும் வந்துவிடுகிறது. அப்பா போன அன்றைக்குச் சித்தப்பா எங்கள் தெருமுனைவரை வந்தார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பிப் போய்விட்டார்.

பிறகு எட்டு வருஷம் இரண்டு வீடும் அப்படியே இருந்தது. ஒருநாள் காலையில் சித்தப்பா மகன் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கல்லைப் பிடுங்கி "இருந்த எடத்துல" நடப்போகிறானாம். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். அவன் என்னைவிடப் பத்து வயசு சின்னவன். "ஏலே, தள்ளுலே" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். கைகலப்பு ஆகியிருக்கும். ஊர்க்காரர்கள் நடுவில் புகுந்து, அளந்து பார்த்தபிறகு எதையும் செய்யுங்கள் என்று இருவரையும் பிரித்துவிட்டார்கள். மனு போட்டோம். அளக்க வந்தது நம் மேடம்.

எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். தினமும் என் கடைப் படியில் டீ குடிக்கிறவர். "மேடம், அந்தக் கல்லு சரியான எடத்துலதான் நிக்குதுன்னு ஒரு வரி எழுதிட்டியன்னா, எங்கப்பா பேரு மீண்டுரும்" என்று முதல் நாளே சொல்லிவைத்தேன்.

"சரியான எடத்துல நிக்குதான்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

மறுநாள் மேட்டுக்கு வந்தவர் டேப்பைப் பிரிக்கவே இல்லை. கல்லைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். உச்சியைத் தடவ ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டு அதன்மேல் ஏறினார். செயின்மேன், அதாவது அவருக்கு டேப் பிடிக்க வந்தவர், "மேடம், விழுந்துராதீய" என்று பதறினார்.

"சர்வே கல்லுன்னா தலையில குறி கொத்தியிருக்கணும். இதுல ஒண்ணுமில்லையே" என்றபடி இறங்கினார்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "குறி அழிஞ்சிருக்கும். எங்கய்யா காலத்துல இந்தக் கல்லு நாலடி கெழக்க நின்னுச்சும்மா. எங்கண்ணன் ஆளு வச்சு நகட்டிட்டான்."

"எத்தன ஆளு?"

சித்தப்பா இதை எதிர்பார்க்கவில்லை. "நாலு பேரு."

"மாடு?"

"மாடு... அதெல்லாம் சும்மா சொல்லுதது."

"நாலு பேரால இத நகட்ட முடியுமான்னு எனக்குத் தெரியல" என்று மேடம் சுற்றிலும் பார்த்தார். "நீங்க, ஒங்க மகன், அண்ணாச்சி, எங்க செயின்மேன். நாலு பேரு இருக்கு. தள்ளிப் பாப்போமா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே பதில் தெரியாத முகத்தோடு நின்றார். இன்றைக்கு யோசித்தால், அந்தக் கல்லை நாங்கள் தொட்டிருக்கவே கூடாது. அன்றைக்கு எங்களில் யாருக்கும் அது தெரியாது.

தள்ளினோம். எனக்கு வலப்பக்கம் சித்தப்பா மகன், இடப்பக்கம் சித்தப்பா. அவர் தோள் என் தோளில் இடித்தது. அப்பாவுக்கு வருகிற அதே வியர்வை வாசனை. கல் அசையவில்லை. "இன்னொரு தரம்" என்றார் சித்தப்பா. "ஏலே, பெலமாத் தள்ளுங்கலே!" காலை ஊன்றி, பல்லைக் கடித்துத் தள்ளினோம். அளவு முடிந்ததும் பிடுங்கலாம் என்று வந்து நின்ற ஜேசிபி டிரைவரும், வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஏழு பேர். மயிரிழை நகரவில்லை. ஒவ்வொருவராகக் கையை எடுத்தோம். சித்தப்பா மட்டும் எடுக்கவில்லை. எழுபது வயது மனுஷன், தனியாக, இரண்டு உள்ளங்கையையும் பதித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார். மகன் போய் "ஐயா, விடுங்க" என்று தோளைத் தொட்டபிறகுதான் விட்டார். கையில் தோல் உரிந்திருந்தது.

மேடம் பாட்டிலில் எலுமிச்சம்பழம் பிழிந்து முதலில் அவரிடம் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, யார் என்று பார்க்காமலே அடுத்தாற்போல் நின்ற என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அண்ணாந்து ஒரு வாய் குடித்தேன். அப்பா என் கையைப் பிடித்துக் கேட்டபோது, முழு மனசோடு நான் நம்பியிருக்க வேண்டும்.

பிறகுதான் அளவு தொடங்கியது. மேட்டில் அங்கங்கே பாதி புதைந்த கற்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் உழும்போது கலப்பையை விலக்கிக்கொண்டு போகிற கற்கள். "இதுல எது சர்வே கல்லுன்னு தெரியல. எல்லாத்துக்கிட்டயும் ஒரு கொடி நடுங்க" என்றார் மேடம். செயின்மேன் நட்டுக்கொண்டே போனார். சிவப்புக் கொடிகள் பதினெட்டோ இருபதோ. மேடம் பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க."

போனேன். கொடிகள் குத்துக்கல்லை நடுவில் வைத்து வட்டமாக நின்றன. காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம்.

"நானும் எவ்வளவோ நெலம் அளந்துட்டேன். சதுரம் பாத்திருக்கேன், கோணல் பாத்திருக்கேன். எந்த அப்பனும் பிள்ளைகளுக்கு வட்டமாப் பிரிச்சுக் குடுத்தது கெடையாது. இது எல்லை இல்ல. வேற என்னமோ."

சித்தப்பா மகன் தொண்டையைச் செருமினான். "மேடம், ஒண்ணு சொல்லணும். போன வருசம் தென்னங்குழி தோண்டையில, இந்த வட்டத்துக்குள்ள பெரிய பானை வாய் ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. விரல் கனத்துக்கு ஓடு. பயந்து மூடிட்டேன்."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"கவர்மென்ட் நெலத்த எடுத்துக்கும்னு சொன்னாவ."

"எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் ஜேசிபி வேண்டாம்." அவன் எதிர்ப்பேச்சுப் பேசாமல் தலையாட்டினான்.

நிலத்தை ஒட்டிய வண்டிப்பாதை மூலையில் மூன்று எல்லைகள் சேர்கிற இடத்துக் கல்லிலிருந்து அளந்து வந்து, மேடம் ஓரிடத்தில் குச்சியால் கோடு கிழித்தார். செயின்மேன் கடப்பாரையால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் ஒரு சின்னக் கல், தலையில் குறியோடு. உண்மையான எல்லைக்கல். எங்கள் தென்னைக்குக் கிழக்கே. அதாவது குத்துக்கல்லுக்கு நாலடி இந்தப் பக்கம். சித்தப்பா சொன்ன அளவு சரி; சொன்ன காரணம் தப்பு. இரண்டு தென்னையும் அவருடையது.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் டீக்கு வந்தபோது எகிறினேன். "இத்தன வருசம் ஒண்ணா டீ குடிச்சிருக்கோமே மேடம்! நாலடிய அவுகளுக்கு அளந்து குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கியளே!"

"டீக்கும் டேப்புக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?" என்றார் சாந்தமாக. பிறகு பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். காகிதம் மடிப்புகளில் நைந்திருந்தது. எங்கள் தாத்தா காலத்துக்கும் முந்தைய நில அளவுப் புலப்படம். காலையிலேயே ரிக்கார்டு அறைக்குள் போய்த் தேடி எடுத்திருக்கிறார். அதில் எங்கள் நிலத்தின் நடுவில் ஒரு சின்னக் கல் படம். பக்கத்தில் அளவு. "நேத்து நான் அளந்த அளவும் இந்த அளவும் ஒண்ணு. ஒங்கப்பா பொறக்கும் முன்னாடியே அந்தக் கல்லு அங்கனதான் நின்னிருக்கு. அவரு நகட்டல. இது எனக்கு நல்லாத் தெரியும்."

நான் ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடையில் வைத்து அழ எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டு, படத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அவர் எழுதிக் கேட்டதன்பேரில் பத்து நாளில் தொல்லியல் படித்த இருவர் வந்தார்கள். ஒருவர் நரைத்தவர், ஒருவர் இளம்பெண். மேட்டை மண்டியிட்டுப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், மேடம் நட்ட கொடிகளுக்கு ஒவ்வொன்றாக எண் போட்டார்கள். இது ஈமக்காடு, அதாவது ஆதி மனிதர்கள் தங்களில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே கல் வட்டம் போட்டு, அடையாளத்துக்குக் கல் நிறுத்திய இடம் என்றார்கள்.

"புதிய கற்காலம்னு பாடத்துல வருமே, அதுங்களா?" என்று கேட்டேன்.

"நம்ம பக்கம் இந்த மாதிரிக் கல்லெல்லாம் பெரும்பாலும் அதுக்கும் பிந்தினது, இரும்புக் காலம். ஆனா இது எதுன்னு தோண்டிப் பாக்காம எனக்குத் தெரியாது" என்றார் நரைத்தவர். மேடம் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கல்யாண வீட்டில் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

நிலத்தை யாரும் எடுக்கப்போவதில்லை, வட்டத்துக்குள் தோண்டாமல் உழாமல் விட்டால் போதும், வெளியே விவசாயம் பாருங்கள் என்றார்கள். சித்தப்பா மகனுக்கு உயிர் வந்தது. சித்தப்பா மட்டும் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"இவ்வளவு பெரிய கல்ல எப்படிக் கொண்டாந்தாவ?"

"இங்க சுத்துவட்டாரத்துல இந்தக் கல் இல்ல. மலையடிவாரத்துல இருந்து இழுத்திருக்கணும்" என்றாள் அந்தப் பெண். "பத்து இருபது பேரால ஆகாது தாத்தா. ஒரு ஊரே கூடியிருக்கும். ஒருத்தர் செத்துட்டார்ங்கறதுக்காக எல்லாரும் சேர்ந்து இழுத்துட்டு வந்து நிறுத்தியிருக்காங்க."

சித்தப்பா கல்லின்மேல் கையை வைத்தார். செத்த ஒருவருக்காக ஒரு ஊரே கூடிக் கல் இழுத்த இடத்தில் நின்றுகொண்டு, பதினாலு வருஷம் நாங்கள் ஒருவரையொருவர் திட்டியிருக்கிறோம். கூடப் பிறந்தவன் சாவுக்குத் தெருமுனையைத் தாண்டி வர ஒருவருக்கு முடியாமல் போயிருக்கிறது. எனக்குச் சித்தப்பாமேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

தொல்லியல்காரர்கள் வருமுன்பே மேடம் எழுதி அனுப்பியிருந்த அறிக்கை அடுத்த வாரம் கைக்கு வந்தது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் காலை நான் கடையைத் திறந்து மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் சித்தப்பா நின்றார். கையில் அந்த அறிக்கை. பதினாலு வருஷத்தில் முதல்முறையாக என் கடைக்கு வருகிறார். தென்காசியில் வேறு ஜெராக்ஸ் கடை இல்லாமல் இல்லை.

"மூணு காப்பி போடு" என்றார்.

"மூணு எதுக்கு சித்தப்பா? ஒங்களுக்கு ஒண்ணு போதும். எனக்குத்தான் ஆபீஸ்லயே குடுத்துட்டாவளே."

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு எம் மவனுக்கு." அறிக்கையை மிஷின்மேல் வைத்தார். "ஒண்ணு அண்ணனுக்கு. நானே வந்து குடுக்கேன்."

கடையைப் பூட்டினேன். சித்தப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தெருமுனை வந்ததும் அவர் கை என் தோளை இறுக்கியது. நான் வண்டியை நிறுத்தவில்லை.

வீட்டில் அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது ஞாபகம் வந்தவர்போல, உரக்க வாசித்தார்.

"அண்ணே, கேளு. 'மேற்படி கல் நில அளவைக் கல் அல்ல. பழைய புலப்படத்தில் உள்ள அதே இடத்தில் நிற்கிறது. யாராலும் நகர்த்தப்படவில்லை. இது என்ன கல் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பார்க்கும்வரை...'"

அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. யாராலும் நகர்த்தப்படவில்லை என்ற வரிக்கே திரும்பிப் போனார். அதை மறுபடியும் வாசித்தார். பிறகு தாளைப் படத்துக்குக் கீழே வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க விபூதித் தட்டை மேலே எடுத்து வைத்தார். தோள் குலுங்கியது.

அம்மா அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா குரல் கேட்டதுமே அடுப்பில் பால் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. கையில் டம்ளரும் சீனி டப்பாவும் இருந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கரண்டி சீனியை அள்ளியவள் அப்படியே நிறுத்திக் கேட்டாள்.

"சீனி போடலாமா தம்பி? இத்தன வருசத்துல சுகர் கிகர் ஒண்ணும் வந்துரலியே?"